சேதாரம்

வெளியே வந்ததும் முதல் இருபது நிமிடம்
கேமராவுக்குக் கண் தெரியாது.
ராத்திரி முழுக்க ஏசியில் கிடந்த கண்ணாடி
ஷார்ஜாவின் ஜூலை பட்டதும்
குப்பென்று வியர்க்கிறது.
துடைத்தால் மறுபடி வியர்க்கும்.
சட்டை நுனியை விட்டுவிட்டு
சும்மா நிற்கப் பழகிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால்,
இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
ஷட்டரெல்லாம் இறங்கியிருக்கிறது.
எஞ்சின் ஆயில் மிதித்த பூனை ஒன்று
தன் நேற்றைய தடத்தின்மேலேயே நடந்துபோகிறது.

மற்ற நாட்களில்
இதே தெருவில் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு.
இன்சூரன்ஸ் சர்வேயர்.
முன் பம்பர், இடது மட்கார்டு, சேசிஸ் நம்பர்,
நசுங்கலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல்.
கீறல் பழசா புதுசா என்று கேட்பார்கள்.
பழசு என்றால் பணம் கிடையாது.
ஒருமுறை ஒரு லாரிக் கதவை
சாயங்கால வெளிச்சத்தில் எடுத்து அனுப்பிவிட்டேன்.
“வெயில் நல்லா இருக்கு சார்,
டேமேஜ் எங்க?”
என்று ஃபைல் திரும்பி வந்தது.

இந்த கேமரா கம்பெனியுடையது அல்ல.
மணிலாவுக்கே திரும்பிப்போன ரோடெல்
நானூறு திர்ஹாமுக்குத் தந்தது.
லென்ஸுக்குள் ஒரு பூஞ்சைப் பொட்டு.
எதை எடுத்தாலும்
இடது மேல்மூலையில் லேசாக மழை மூட்டம்,
இந்த ஊரில்!

பனி விலகிவிட்டது.
சுவரில் சாய்ந்திருக்கும் பிக்கப் கதவு:
வெள்ளைக்கு அடியில் நீலம்,
நீலத்துக்கு அடியில் செம்மண் நிறப் பிரைமர்,
அதற்கும் அடியில் தன்பாட்டுக்குப் பூத்திருக்கும் துரு.
ஆணியால் கீறிய யாரோ ஒருவரின் போன் நம்பர்.
கடைசி இரண்டு எண்கள்
பெயிண்ட்டோடு உதிர்ந்துவிட்டன.
யாரும் இனி அவரைக் கூப்பிட முடியாது.

ஜெபக்கனிக்கு அனுப்பினேன்.
“துரு பாக்கவா அம்புட்டு தூரம் போனீங்க?
இங்க நம்ம கேட்டுலயே இருக்கே” என்றாள்.
பத்து நிமிடம் கழித்து
எங்கள் கேட்டின் படம் வந்தது.
என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

யார்டு வாசலில் குல் ஸமானின் நாற்காலி.
மூன்று கால்தான் அதனுடையது,
நாலாவது ஒரு ஷாக் அப்சார்பர்.
கைப்பிடி வெயிலில் வெளுத்து
மீன் எலும்பாகியிருந்தது.
முட்டி போட்டு எடுத்தேன்.
என் இந்தி அரைகுறை, அவருடையது அதற்கும் கொஞ்சம் குறைவு.
“இதையா?” என்றார்.
“இதைத்தான்.”
உள்ளே ஓடி
ஆபீஸின் சுழல் நாற்காலியை உருட்டிவந்தார்.
வேண்டாம் என்று சொல்லிப் புரியவைக்க
ஒரு டீ ஆனது.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.
நெடுநேரம் பார்த்தார்.
அடுத்த வெள்ளி போனால்
நாற்காலி முழுக்கப் பளபளக்கும் பச்சை,
ஷாக் அப்சார்பர் உட்பட!
“போன தடவை அழுக்காக வந்துவிட்டது,
இப்போது எடு” என்று
பெருமையாக ஒதுங்கி நின்றார்.

என்னத்தைச் சொல்ல.
என் விசா மார்ச் வரைக்கும்தான்.
அந்தப் பச்சை வெளுக்க
இரண்டு கோடையாவது வேண்டும்.

ரோலாவில் ஒரு நகைக்கடையில்
செய்கூலி தருகிறேன், சேதாரம் எதற்கு என்று
சண்டை போட்டுவிட்டு வந்தவன் நான்.
கையில் வராத பொன்னுக்கு
யாராவது காசு கொடுப்பார்களா?

கேமரா வியர்த்துக்கொண்டிருந்தது.
நின்றேன்.
அவருக்குப் பொறுமை இல்லை.
எப்படி உட்காரவேண்டும் என்று எனக்குக் காட்ட
ஒரு நொடி உட்கார்ந்து எழுந்தார்.
பெயிண்ட் சரியாகக் காயவில்லை.

கமீஸின் நெசவு
நூல் நூலாக இறங்கியிருந்தது பச்சையில்.
நடுவில் ஒரு தையல் கோடு,
யாரோ கையால் போட்ட ஒட்டு.

அவர் திரும்பித் தன் முதுகைப் பார்க்க முயன்று
வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.
கண்ணாடி இன்னும் தெளியவில்லை.
பரவாயில்லை என்று
எடுத்துவிட்டேன்.